இராபர்ட் கிளைவும் அவன் மனத்துயரும்

கடலூருக்குக் கீழ்பால், கெடில நதி கடலொடு கலக்கும் இடத்தருகே தேவனாம்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. மீன்வலைகள் உலரும் மணலும், மாலைதோறும் மக்கள் காற்று வாங்க வரும் வெள்ளிக் கடற்கரையும், மாணாக்கர் பலர் பயிலும் பெரியார் கலைக் கல்லூரியும் இன்று அவ்வூர்க்கு அடையாளங்கள். முன்னொரு காலத்தில் ஆங்கு ஒரு கோட்டை இருந்தது. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனை மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்றுச் செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். கோட்டையினின்று பீரங்கி சுட்டால் குண்டு சென்று விழும் எல்லை வரையுள்ள நிலமெல்லாம் வாங்கினவரைச் சேரும் என்பது அக்கிரயத்தின் நிபந்தனை. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. இப்பொழுது சிதைந்த சுவர்கள் சிலவே எஞ்சி நிற்கின்றன.

1746ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இந்நாட்டார் உடையைப் புனைந்து, முகத்திற்குக் கருமை பூசி, சென்னையிலிருந்து சுமார் நூறு மைல் தெற்கே இரகசியமாக வந்து இக்கோட்டைக்குள் புகுந்தான் ஓர் ஆங்கில வாலிபன். வயது இருபத்தொன்று. அவனே பிற்காலத்தில் பிளாசிப் போரை வென்று, வங்காளத்தைக் கம்பெனியார் கையிற் சேர்த்துப் பிரபுப் பட்டமும் பெற்ற இராபர்ட் கிளைவ். அவன் போர்களைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே நாம் அனைவரும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறோம். ஆகையால் யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அப்போர்களை அன்று. பதினெட்டு, பத்தொன்பது வயதில், அஃதாவது இதனைப் படிக்கும் நம்மிற் பலர் இருக்கும் அதே வயதில், அவன் உள்ளம் பட்ட பாடும், அப்பொழுது அவன் அருகே யார் இருந்தனர், யார் இல்லை என்பதுமே எம் பொருள். பிரபுவாகிய ஒருவனை ஒருமையில் எழுதுவது முறையோ எனச் சிலர் வினவலாம். எம் வயதினனாகிய அவனை வேறு வகையில் எழுத எமக்குக் கை வரவில்லை. முடிவு மட்டும் அவ்வாறே விட்டுவிட்டோம்.

இங்கிலாந்தில் சிராப்ஷயர் நாட்டில், மார்க்கெட் டிரேட்டன் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஸ்டைச் என்ற இடத்தில் 1725ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29ஆம் நாள் கிளைவ் பிறந்தான். தந்தை ரிச்சர்டு கிளைவ் வழக்கறிஞர். நிலம் உண்டு, ஆயின் கடனும் உண்டு. பிள்ளைகள் பதின்மூவர் பிறந்த அக்குடும்பத்தில் இராபர்ட் மூத்தவன். மிக இளங்குழந்தையாக இருந்தபோதே அவனை மான்செஸ்டர் பக்கத்திலிருந்த சிற்றன்னை வீட்டிற்கு வளரும்படி அனுப்பிவிட்டனர். ஆங்கு ஒருமுறை கடுஞ்சுரத்தால் உயிர்க்கே மோசம் வரும் நிலையில் கிடந்து தேறினான். வளர்த்த சிற்றப்பா, பிள்ளை அன்புடையவனே எனினும் அளவிறந்த கோபமும் சண்டைப் பித்தும் உடையவனாக இருக்கிறான் எனக் கவலைப்பட்டு உறவினர்க்கு எழுதியுள்ளார்.

பள்ளிகள் பல மாறினான். ஒரு பள்ளியிலும் நிலைத்தானல்லன். டிரேட்டன் மாதாகோவிலின் உயர்ந்த கோபுரத்தின் மேலேறி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கல் முகட்டில் உட்கார்ந்து கீழே நின்றவர்களை நடுங்க வைத்தான் என்றும், ஊர்ச் சிறுவரைக் கூட்டிக் கடைக்காரரிடம் காசும் கனியும் தண்டினான் என்றும் கதைகள் வழங்குகின்றன. சரித்திர ஆசிரியர் இவற்றை வருங்கால வீரத்திற்கு முன்னறிகுறியாக எடுத்து மகிழ்வர். எம் வகுப்பில் எவரேனும் இங்ஙனம் செய்தால் அவனை வீரன் என எவரும் சொல்லார். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிறுத்துவர். அவனை அழைத்து உட்காரவைத்து, தம்பி, உனக்கு என்ன என்று வினவியவர் ஒருவரேனும் அந்நாளில் இருந்ததாக எந்நூலிலும் யாம் கண்டிலோம். படிப்பு வாராத முரட்டுப் பிள்ளை என்ற பெயரே நிலைத்தது. அவனைக் கம்பெனியில் ரைட்டர் வேலைக்கு அனுப்பிவிடுவதே தந்தைக்கு எளிய வழியாகத் தோன்றிற்று.

1743ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வின்செஸ்டர் என்னும் கப்பலில் ஏறினான். அப்பொழுது வயது பதினேழு. அக்கப்பல் பிரேசில் தேசத்துக் கரையில் தரை தட்டிப் பழுதுற்று, பல மாதம் ஆங்கே நின்றது. கையிலிருந்த பணமெல்லாம் செலவாகிக் கப்பல் தலைவனிடமே கடன்பட்டான். 1744ஆம் ஆண்டின் நடுவில் சென்னைக் கடற்கரையில் இறங்கியபோது, புறப்பட்டுப் பதினைந்து மாதங்கள் சென்றிருந்தன. எவருக்குச் சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தானோ அவர் அதற்கு முன்னரே சென்னையை விட்டுப் போய்விட்டார். நூல் நாவலில் இவ்வாறு எழுதினால் மிகைப்படக் கூறல் என ஆசிரியர் திருத்துவர்; உண்மை வாழ்க்கையில் நிகழ்ந்தது.

ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுன். வேலையோ, துணிக் கட்டுகளைச் சோதித்தலும் கணக்கெழுதுதலும். வெயில் அவனுக்குப் புதிது. கோட்டைக்குள் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பம் ஒன்றுடனும் பழக்கம் இல்லை. தானே சென்று பழகுதற்கு நாணம் தடுத்தது. வெளியே முரடன் எனத் தோன்றுவோர் பலர் உள்ளே கூச்சமுடையவராயிருத்தல் நாம் அறிந்ததே. வீட்டிற்கு ஒரு கடிதம் எழுதினால் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்று சேர ஆறு திங்கள் ஆகும். மறுமொழி வர மேலும் ஆறு திங்கள். இன்று நெஞ்சு கனக்கிறது என எழுதியவன், ஆறுதல் சொல்லும் கடிதத்தைப் பிரிப்பதற்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். அத்தகைய கடிதமொன்றில் அவன், தாய்நாட்டை விட்டபின் இன்பமாகக் கழித்த நாள் ஒன்றேனும் இல்லை எனவும், மீண்டும் காணக் கிடைக்குமாயின் மான்செஸ்டரையே காண விரும்புவதாகவும் உறவினர்க்குத் தெரிவித்துள்ளான். பிறந்த ஸ்டைச்சை அவன் கேட்கவில்லை, வளர்ந்த வீட்டையே கேட்டான் என்பது எம் கவனத்தைக் கவர்ந்தது.

தமிழ் மாணாக்கராகிய எமக்கு இவ்விடத்தில் வேறொரு வாலிபரின் நினைவு வருகின்றது. கிளைவுக்கு 38 ஆண்டுகட்கு முன், 1706இல், தேவனாம்பட்டினத்திற்குத் தெற்கே தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு அப்பொழுது வயது இருபத்துநான்கே. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். மனச்சோர்வும் உடல் நலிவும் அவரை விடாது தொடர்ந்தன. ஆயின் அவர் வந்ததும் செய்த காரியம், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் தமிழெழுத்து எழுதக் கற்றதேயாம். அதனால் அவர் துயர் முற்றும் நீங்கிவிட்டது எனச் சொல்ல வரவில்லை. பேசுதற்கு மனிதர் கிடைத்தனர் என்பதே எம் கருத்து. கிளைவோ இந்நாட்டு மொழி ஒன்றையும் நன்கு கற்றானல்லன். நான்கு சுவர்க்குள் இருந்த சில ஆங்கிலேயரே அவனுக்கு உலகம், அவர்களோடும் பிணங்கினான். ஒருமுறை மேலதிகாரியிடம் மரியாதையின்றி நடந்தமைக்கு ஆளுநர் அவனை மன்னிப்புக் கேட்கச் செய்தார். அவ்வதிகாரி பெருந்தன்மையோடு விருந்துண்ண அழைத்தபோது, மன்னிப்புக் கேட்கத்தான் உத்தரவு உண்டு, உடனுண்ண உத்தரவு இல்லை என மறுத்துவிட்டானாம். இதனைச் சாமர்த்தியமான விடை எனச் சிரித்து மேற்செல்லுதல் எளிது. நீட்டிய கையைத் தட்டிவிடுபவனுக்கே அக்கை மிகவும் வேண்டியிருந்தது என்பதை அவ்வதிகாரி உணர்ந்து மறுமுறையும் அழைத்தாரோ என்பதே எம் வினா.

இக்காலத்தில்தான் அவன் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ள இருமுறை முயன்றான் என வரலாறு கூறுகின்றது. 1836இல் வெளிவந்த மால்கம் என்பவரின் பெருநூலும், 1840இல் மெக்காலே எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இச்செய்தியைப் பரப்பின. எவ்வாறு முயன்றான் என்னும் விவரத்தை யாம் வேண்டுமென்றே விடுக்கின்றோம். மனம் நொந்திருக்கும் ஒருவர் கையில் இவ்விதழ் சேரக்கூடும். அவர்க்கு அவ்விவரத்தால் தீங்கேயன்றி நன்மை இல்லை.

அந்நூல்கள் கதையை முடிக்கும் வகையும் எமக்கு உடன்பாடன்று. முயற்சி தவறியதும் அவன் துள்ளியெழுந்து, பெருஞ்செயல் ஒன்றற்காகவே தான் காக்கப்பட்டதாக உணர்ந்தான் என்பர். கேட்போர்க்கு மெய்சிலிர்க்கும், பள்ளி மேடையில் நாடகமாகவும் நடிக்கலாம். ஆயின் பெருஞ்செயல் செய்யப் பிறவாத ஒரு பிள்ளை, கணக்குப் பரீட்சையில் தவறிய சாதாரணப் பிள்ளை, அவ்வறையில் இருந்திருந்தால் அவன் உயிர் காக்கத்தக்கதன்றோ? தலையில் எண்ணப்பட்ட ஒவ்வொரு மயிரையும் அறிந்த கர்த்தர், பிளாசி வீரரை மட்டும் பொறுக்கி எடுத்துக் காப்பவர் என நினைத்தல் நம் விசுவாசத்திற்கும் ஒவ்வாதது.

அக்கதையில் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. உடன் வேலை செய்த வாலிபன் ஒருவன் யாதொரு காரியமாகவோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான் என்பதே அது. அவன் அறிவுரை கூற வந்தவனல்லன். பயிற்சி பெற்றவனும் அல்லன். வந்தான், அறையில் இருந்தவன் தனியனாக இல்லாமற் போயினான். அவ்வேளை கடந்தது. இவ்வகைத் துயரில் வேளை கடத்தலே பெரும்பகுதி காரியம் என இக்கால மருத்துவரும் கூறுவர். இறத்தல் வேண்டும் என்னும் வேகம் பலர்க்கும் சிறிது நேரத்தில் தணிவது. அந்நேரத்தில் அருகே ஆள் இருப்பின் உயிர் தப்பும். மெக்காலே இவ்வாலிபனைக் குறிப்பிடவேயில்லை. எம்மைக் கேட்டால் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது உதவி செய்தவர் ஆளுநர். தம் நூல்நிலையத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அவனுக்கு இசைவளித்தார். பள்ளியில் எந்த ஆசிரியராலும் படிக்க வைக்க முடியாத அவன், ஓய்வு நேரமெல்லாம் அந்நூல்களில் மூழ்கினான். பிற்காலத்தில் அவன் பெற்றிருந்த கல்வியிற் பெரும்பகுதி அவ்வறையில் தேடியதே என்பர். மருந்தென யாம் அதனைச் சொல்லவில்லை. ஒருவனை நம்பித் திறவுகோலைக் கையிற் கொடுத்தல், உன்னைக் கவனித்திருக்கிறேன் என்று சொல்லுவதற்கு ஒப்பாகும்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். கிளைவும் தோழர் சிலரும் மாறுவேடம் பூண்டு தப்பித் தேவனாம்பட்டினம் வந்த செய்தியை முன்னரே கூறினோம். உடன் வந்தவருள் எட்மண்டு மாஸ்கலின் என்னும் நண்பன் ஒருவன்; அவன் தங்கை மார்கரெட்டே பின்னர்க் கிளைவுக்கு மனைவியானாள். ஆகவே சென்னையில் நண்பனே இல்லாதிருந்தவன் தேவனாம்பட்டினம் வருங்கால் நண்பனோடு வந்தான். இச்சிறு செய்தியை வரலாற்று நூல்கள் எத்துணை விரைவாகக் கடந்து செல்லினும், யாம் அங்ஙனம் கடத்தற்கில்லை.

சென்னை பறிபோனதால் தேவனாம்பட்டினமே தென்னாட்டில் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாயிற்று. 1752 வரை அவ்வாறே இருந்தது. 1747இல் கிளைவ் பேனாவை விடுத்துப் படையில் சிறு பதவி பெற்றான். கோட்டையில் சீட்டாட்டத்தின்போது ஓர் அதிகாரி ஏமாற்றியதாகக் குற்றஞ்சாட்டினான் எனவும், அவர் ஆயுதத்தைத் தலைக்கு நேரே பிடித்துச் சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்லியும் மறுத்துவிட்டான் எனவும் ஒரு கதை உண்டு. அஞ்சாமை என எல்லோரும் போற்றுவர். இருக்கலாம். உயிரைப் பெரிதாக மதியாத நிலையும் வெளிக்கு அஞ்சாமை போலவே தோன்றும் என்பதை மட்டும் யாம் சொல்லி வைக்கின்றோம்.

1748 தொடக்கத்தில் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் கோட்டைக்கு வந்து படைத்தலைமை ஏற்றார். வயது ஐம்பதை அணுகியவர், பருமனான உடல், நயமான பேச்சு அறியாதவர், படையே வாழ்வாகக் கொண்டவர். குமாஸ்தாவாக வந்து சிப்பாய் ஆகிய இவ்வாலிபனிடம் ஏதோ இருக்கிறது என அவரே முதலிற் கண்டார். மறு ஆண்டு, சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடம் கடலொடு கலக்குமிடத்திலிருந்த தேவிக்கோட்டையைப் பிடிக்கத் தஞ்சை மராட்டியர்மேல் படை சென்றது. முன்னணியில் செல்லும் சிறு கூட்டத்தைத் தனக்குத் தரும்படி கிளைவ் வேண்டினான், லாரன்ஸ் தந்தார். பின்வர வேண்டிய சிப்பாய்கள் தொடர்ந்து வாராமையின், மராட்டியக் குதிரைப்படை பக்கவாட்டில் பாய்ந்து, முன்சென்ற 34 வெள்ளையருள் 26 பேரை நொடிப்பொழுதில் வெட்டி வீழ்த்திற்று. கிளைவ் மயிரிழையில் தப்பினான். பின்னர் லாரன்ஸ் முழுப்படையோடும் சென்று கோட்டையைப் பிடித்தார். தோற்ற வாலிபனை அவர் இகழ்ந்து ஒதுக்கவில்லை. அவன் பிறவியிலேயே போர்வீரன் எனத் தம் குறிப்புகளில் எழுதி வைத்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெரியவர் அவனைப்பற்றி நல்லது ஒன்றை எழுதினார் என்று சொல்ல எமக்கு ஆசை. அவ்வளவு துணிந்து சொல்லாவிடினும், அதற்கு முன் அப்படி எழுதப்பட்டதொன்றை யாம் படித்ததில்லை.

கிளைவ் இதனை மறந்தவனல்லன். பல ஆண்டு கழித்துக் கம்பெனியார் வைரம் பதித்த வாளொன்றை அவனுக்குப் பரிசளிக்க முன்வந்தபோது, லாரன்ஸுக்கும் அத்தகையது அளித்தாலன்றித் தான் பெறுவதில்லை என்றான். பின்னர்ச் செல்வனானபோது, வறுமையுற்றிருந்த அம்முதியவர்க்கு ஆண்டுதோறும் 500 பவுன் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தான். அவன் கைகள் செய்த காரியங்களுள் களங்கமற்றவை சிலவே. இஃது அவற்றுள் ஒன்று.

இவ்வளவு கிடைத்தும் நோய் போய்விட்டதா? இல்லை. 1750இல், போர் ஓய்ந்திருந்த சமயத்தில், கிளைவுக்குச் சுரம் கண்டது. உடல் தேறியும் உள்ளம் தேறவில்லை. தனியே இருக்க இயலாத நிலை வந்துற்றது. எந்நேரமும் ஒருவர் உடனிருத்தல் இன்றியமையாததாயிற்று என மால்கம் எழுதுகின்றார். குளிர்காலத்தைக் கழித்து வருமாறு வங்காளத்திற்கு அனுப்பினர். ஓரளவு குணமடைந்து மீண்டான். மனச்சோர்வு ஒருமுறை வந்து நீங்கினால் மீண்டும் வாராது என எண்ணுதல் தவறு என்பதற்கும், மனவுறுதி இல்லாதவர்க்கே அது வரும் என்பது பெருந்தவறு என்பதற்கும் இதனினும் தெளிவான சான்று வேண்டா. அடுத்த ஆண்டே இவன் 200 வெள்ளையரையும் 300 சிப்பாய்களையும் கொண்டு சென்று ஆர்க்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். நவாபு முகம்மதலி அவனுக்குச் சூட்டிய பட்டப்பெயர்க்குப் போரில் உறுதியானவன் என்று பொருள். ஓராண்டுக்கு முன் துணையின்றி ஓர் அறையில் இருக்க முடியாதவன் அவனே.

இதற்கு மேற்பட்டவற்றை விரைந்து கூறி முடிப்போம். 1753 பிப்ரவரியில் சென்னைக் கோட்டைத் தேவாலயத்தில் மார்கரெட்டை மணந்து தாய்நாடு சென்றான். ஈட்டிய பொருளால் தந்தையின் கடனைத் தீர்த்தான். மீண்டும் வந்து, 1756 ஜூன் 20ஆம் நாள் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கே ஆளுநராகப் பொறுப்பேற்றான். அதே நாளில் கல்கத்தா சிராஜ் உத்தௌலா கையில் வீழ்ந்தது. அதனை மீட்கச் சென்றவன் கடலூர்ப் பக்கம் வாழத் திரும்பவேயில்லை. 1757 ஜூன் 23இல் பிளாசி. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்தைப் பிடித்துக் கோட்டையை இடித்துத் தள்ளினார். கடலூரில் 1740 முதல் மிஷன் பள்ளி நடத்திவந்த கீர்நாண்டர் ஐயர் அப்பொழுது ஊரை விட்டுக் கல்கத்தா சென்றார். ஆங்கு அவரை அன்போடு வரவேற்றவன் கிளைவ். 1765இல் வங்காளத்தின் வரி தண்டும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது.

ஈண்டு ஒன்று சொல்லாது விடின் யாம் பொய்யராவோம். பிளாசிக்குப் பின் அவன் தனக்கெனப் பெற்ற தொகை 2,34,000 பவுன். ஆண்டுக்கு 27,000 பவுன் வருமானமுள்ள ஜாகீர் அதற்கு மேல். அவன் அமைத்த ஆட்சியின் கீழ், 1769-70 பஞ்சத்தில் வங்க மக்களுள் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று மதிப்பிடுவர். மனநோயுற்றவன் என்னும் காரணத்தால் இப்பழி குறையாது. இப்பழியால் அவன் பட்ட துன்பம் பொய்யாகிவிடவும் மாட்டாது. இரண்டையும் ஒரே மனிதனிடத்தில் வைத்துப் பார்த்தல் எமக்குக் கடினமாகவே இருந்தது. இதனை எழுதிய நாட்களில் ஒருநாள் அவன்மேல் இரக்கமும் மறுநாள் வெறுப்பும் மாறி மாறி வந்தன. உலகில் மனம் வருந்துவோர் எல்லோரும் நல்லோராயிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை யார் விதித்தார்?

1767இல் இறுதியாக இந்தியாவை விட்டுச் சென்றபின் மனச்சோர்வு மீண்டும் கடுமையாகப் பற்றிற்று. பித்தப்பைக் கற்களால் வந்த வயிற்று வலி தாங்காமல் அபினும் பழகிற்று. 1772, 1773ஆம் ஆண்டுகளில் பார்லிமெண்டு அவன் செல்வத்தைப் பற்றி விசாரணை நடத்தியது. தண்டனை இன்றித் தப்பினான். 1774 நவம்பர் 22ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில், லண்டனில் தன் வீட்டில் இறந்தான். தன் கையாலேயே இறந்தான் எனப் பெரும்பாலோர் கொள்வர். சிராப்ஷயரில் மோர்ட்டன் சே என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில், இடம் குறிக்கும் கல்லும் இன்றிப் புதைத்தனர். பிறந்த ஊர் அதன் அண்மையிலேயே உள்ளது. இரண்டு மாதம் கழியுமுன், 1775 ஜனவரியில், கிழவர் லாரன்ஸும் கண்மூடினார்.

இறந்தவனை நாடி பிடித்து நோய்க்குப் பெயர் வைத்தல் எம் வேலையன்று. சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் நோயாக அஃது இருந்திருக்கலாம் எனப் பின்வந்தோர் சிலர் கருதுவர். எம்மை உறுத்துவது வேறு. பதினெட்டு வயதில் அவனுக்குக் கிடைத்தவை எல்லாம் தற்செயலாகக் கிடைத்தவை. கதவைத் திறந்தவன் தற்செயலாகத் திறந்தான். ஆளுநர் நூல்நிலையம் தந்தது அவர் குணம். லாரன்ஸ் அக்கப்பலில் வந்தது கம்பெனியார் உத்தரவு. தற்செயலை ஏற்பாடாக மாற்றுதற்கு உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்த லண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்து அரை மைல் தூரத்திற்குள், வால்புரூக் புனித ஸ்தேவான் தேவாலயம் உள்ளது. அதன் குருவாகிய சாட் வாரா என்பவர் 1953 நவம்பரில், சாக நினைப்போர் பேசுதற்கென ஒரு தொலைபேசியை வைத்துக் காத்திருந்தார். இளம் குருவாக அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனைகளுள் ஒன்று, தன்னுயிரைப் போக்கிக்கொண்ட பதினான்கு வயதுச் சிறுமியினுடையது. அதனை அவர் மறக்கவில்லை. சமாரியர் என்னும் இயக்கம் அவ்வாறு பிறந்தது. கிளைவ் மனம் நொந்திருந்த அதே சென்னையில், 1986ஆம் ஆண்டில், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சிநேகா என்னும் அமைப்பைத் தொடங்கினார். பரீட்சை முடிவு வரும் நாட்களில் ஆங்குத் தொலைபேசி ஓய்வதில்லை என்பர்.

தேவனாம்பட்டினமும் இதில் சேராதிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி ஊரை வாரிச் சென்றபின், கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் போல் உள்ளத்திற்கும் உதவி வேண்டும் என்பதைப் பலரும் உணர்ந்தனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் தமிழ்நாட்டுக் கரையோரங்களில் ஆசிரியர்க்கும் தொண்டர்க்கும் பயிற்சி அளித்தனர். பிள்ளையைப் படம் வரையச் செய்தல், கதை சொல்ல வைத்தல், விளையாட விடுதல், அழுதால் அழவிட்டு உடனிருத்தல் ஆகியனவே அப்பயிற்சியின் சாரம். அலையைக் கண்டு அஞ்சிய மீனவர் பிள்ளைகள், அலைக்கு நேரே மணலில் உட்கார மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணாக்கரும் அதற்கு மேற்பட்டோரும் பயிலும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்துதல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. கட்டளை நன்று. ஆலோசகர் அறை எங்கே அமைகின்றது என்பதும் ஒரு காரியம். அலுவலகத்தின் எதிரே எல்லோரும் காணும் இடத்தில் வைத்துவிட்டால், கூச்சமுள்ள பிள்ளை ஒருவனும் அதன் வாயிலை மிதியான். நூல்நிலையத்தின் பின்புறம் வைக்கலாம் என எம் வகுப்புத் தோழர் ஒருவர் சொல்லுகிறார். கிளைவும் நூல்நிலையம் வழியாகத்தானே போனான் என்பது அவர் வாதம்.

எம் விடுதியில் நாங்கள் சிலர் கூடி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். முதலாண்டு மாணாக்கர் எவரேனும் தொடர்ந்து இரண்டு வேளை உணவறைக்கு வரவில்லை எனில், ஒருவர் போய்க் கதவைத் தட்டுவார். சுண்ணாம்பு இருக்கிறதா, பேனாவுக்கு மை இருக்கிறதா என்று ஏதேனும் ஒன்று கேட்டால் போதும். பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு என்றுதான் விடை வரும், அது நல்லதே. அறிவிப்புப் பலகையில் இரவும் பகலும் தமிழிலேயே பேசக்கூடிய 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணையும், 104 என்னும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். சென்ற திங்களில் ஒரு காலை பார்த்தபோது, எண்கள் இருந்த பகுதியை மட்டும் எவரோ கவனமாகக் கிழித்து எடுத்துச் சென்றிருந்தனர். யார் எனக் கேட்கவில்லை. அன்று மாலையே வேறொரு தாள் ஒட்டினோம்.